ரசம் நிற்காத கை

என் வலது மணிக்கட்டை உடைத்தது ஒரு பூசணிக்காய். டாக்டர்களிடம் இதை நான் சொன்னதில்லை. சைக்கிளிலிருந்து விழுந்தேன் என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். பூசணிக்காய் என்று ஆரம்பித்தால் ஆயுத பூஜை வரும், ஆயுத பூஜை என்றால் எங்கள் ஃபோர்மேன் வருவார், அவர் வந்தால் எனக்கு ரத்தம் கொதிக்கும், அப்புறம் பிரஷர் பார்க்கிற நர்ஸ் பயந்துபோவார்.

எண்பதுகளின் பின்பாதியில் நடந்தது. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில், பம்புகளுக்குப் பாகங்கள் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் நான் ஃபிட்டர். இரும்புத் துண்டை வைஸ் என்கிற இரும்புப் பிடியில் இறுக்கி, அரத்தால் ராவி, ஒன்றுக்குள் ஒன்று சரியாக உட்கார வைப்பதுதான் வேலை. அப்பா ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் இருந்தவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, குவார்ட்டர்ஸில் எங்களை வளர்த்தார். கல்யாணமான பிறகு நான் மண்ணூர்பேட்டையில் ஓர் ஓட்டு வீட்டுக்கு வாடகைக்கு வந்துவிட்டேன். கம்பெனிக்கு சைக்கிளில் ஐந்து நிமிஷம். பதினோரு வருஷ சர்வீஸ். என் வேலையைப் பற்றிக் குறை சொன்னவர் கிடையாது. வாயைப் பற்றிச் சொல்லாதவர் கிடையாது.

ஃபோர்மேன் மண்ணூர்பேட்டைக்காரர். எஸ்டேட் வருவதற்கு முன்னால் அங்கே நெல் விளைவித்த குடும்பம். கம்பெனி கேட் நிற்கிற இடம் தங்கள் களத்துமேடு என்று புதிதாகச் சேருகிற எல்லோரிடமும் முதல் நாளே சொல்லிவிடுவார். நெற்றியில் பட்டை, கழுத்தில் உருத்திராட்சம், வெள்ளிக்கிழமையானால் ஷாப் முழுக்க ஊதுபத்திப் புகை. நானோ கருப்புச் சட்டைக்காரன். சாமி கிடையாது என்பதைக் கேட்காதவர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்கிறவன்.

ஆயுத பூஜை அன்று எங்கள் இரண்டு பேருக்கும் திருவிழா. லேத், டிரில்லிங் மெஷின், ஆபீஸ் ஃபேன் வரைக்கும் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டே வருவார். என் வைஸிடம் வந்ததும் நான் குறுக்கே நிற்பேன். இதற்கு ஆயில் போட்டால் போதும், பொட்டு வேண்டாம் என்பேன். பிறகு பூஜை முடிந்து பொரியும் கடலையும் கொடுப்பார். எல்லோரும் வலது கையை நீட்டுவார்கள், சிலர் இரண்டு கையையும் ஏந்துவார்கள். நான் வேண்டுமென்றே இடது கையை நீட்டுவேன். இரண்டும் ஒரே உடம்பில் முளைத்த கைதானே, இதில் உசத்தி என்ன தாழ்த்தி என்ன என்று ஒரு சொற்பொழிவும் கூட வரும். அவர் முகம் சுருங்கும். பொட்டலத்தை என் பெஞ்சில் வைத்துவிட்டுப் போவார். அந்த முகம் சுருங்குவதைப் பார்க்கத்தான் நான் பதினோரு வருஷமாக ஆயுத பூஜைக்கு லீவு போட்டதில்லை.

கடைசியாகப் பூசணிக்காய். குங்குமம் தடவி, கற்பூரம் ஏற்றி, கேட்டுக்கு நேர் எதிரே நடுரோட்டில் போட்டு உடைப்பார். எனக்கு இதுதான் பெரிய பிரச்சினை. திருஷ்டி போகிறதோ இல்லையோ, போகிறவன் வருகிறவன் எல்லாம் வழுக்கி விழுவான் என்று ஒவ்வொரு வருஷமும் சொல்வேன். அந்த வருஷமும் சொன்னேன். சொன்னது போதாது என்று, சைக்கிளில் ஏறிக் கிளம்பியவன் திரும்பிப் பார்த்து இன்னொரு தடவை சொன்னேன். "இதுல ஒரு நாள் எவனாவது வழுக்கி" என்பது வரைக்கும்தான் வந்தது. மிச்ச வாக்கியத்தைத் தரை முடித்துவைத்தது.

விழுகிறவன் கையை ஊன்றுவான். நானும் ஊன்றினேன். சுள்ளி ஒடிகிற சத்தம் கேட்டது. ஷாப் மொத்தமும் கேட்டுக்கு ஓடி வந்தது. பாதிப் பேர் சாமி குத்தம் என்றார்கள். நான் ரோட்டில் உட்கார்ந்தபடியே, பூசணிச் சாறு சட்டையில் வழிய, நான் சொன்னதுதான் நடந்தது, என் பக்கம்தான் நியாயம் என்று வாதாடினேன். கை உடைந்து உட்கார்ந்திருப்பவன் ஜெயித்ததாக ஒருத்தரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஃபோர்மேன்தான் முன்னால் வந்தார். தன் தோள் துண்டை எடுத்து என் கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டினார். அவர் ஒரு வார்த்தை ஏளனமாகப் பேசியிருந்தால் எனக்கு வலி குறைந்திருக்கும்.

பக்கத்து நர்சிங் ஹோமில் டாக்டர் எலும்பை இழுத்து நேராக்கி மாவுக்கட்டுப் போட்டார். ஆறு வாரம் கழற்றக் கூடாது என்றார். மூன்று வாரம் எப்படியோ போனது. அதற்கப்புறம் உள்ளே அரிப்பு. சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியை விட்டுச் சொறிவேன், அது எட்டாத இடத்தில்தான் அரிக்கும். நாலாவது வாரத்தில் ஒரு நாள் மத்தியானம் கம்பெனிப் பக்கம் போயிருந்தபோது எனக்கும் பக்கத்து லேத்தில் இருந்த டர்னருக்கும் ஒரு யோசனை வந்தது. ஃபிட்டருக்கும் டர்னருக்கும் மட்டுமே வரக்கூடிய யோசனை. வெல்டிங் ஒரு மணி நேரத்தில் ஆறிவிடுகிறது, சிமெண்ட் ஒரு வாரத்தில் இறுகிவிடுகிறது, எலும்பு மட்டும் ஆறு வாரம் என்ன செய்கிறது என்று அவன் கேட்டான். எனக்கும் நியாயமாகப் பட்டது.

கையைச் சுற்றிக் காட்டன் வேஸ்ட் வைத்து வைஸில் பிடித்தோம். அவன் நைசான பல்லாகப் பார்த்து இரும்பு அறுக்கிற ஓர் ஆக்ஸா பிளேடைத் தேர்ந்தெடுத்தான். அதில் அவனுக்குப் பெருமை வேறு. நேர்கோட்டில் அறுத்தான், கோடு இம்மி விலகவில்லை. மாவுக்கட்டு இரண்டு பாதியாகப் பிரிந்தது. உள்ளேயிருந்து வெளுத்து, செதில் செதிலாக உரிந்த ஒரு கை வந்தது. சோப்புப் போட்டுக் கழுவினேன். வாழ்நாளில் அவ்வளவு சுகம் அனுபவித்ததில்லை. அன்று சாயங்காலமே தண்ணீர்க் குடத்தை அந்தக் கையால் தூக்கினேன். என்னமோ லேசாக நகர்ந்த மாதிரி இருந்தது, வலியும் இருந்தது. புதுசு அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஆறாவது வாரம் டாக்டரிடம் போனேன். மாவுக்கட்டு எங்கே என்று கேட்டார். தானாகக் கழன்று விழுந்துவிட்டது என்றேன். அவர் என் மணிக்கட்டைத் திருப்பி, தோலில் பல் பல்லாக இருந்த ஆக்ஸா கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். எக்ஸ்ரே படத்தை விளக்கில் மாட்டினார். எலும்பு சேர்ந்திருந்தது, ஆனால் கோணலாகச் சேர்ந்திருந்தது. முள்கரண்டியைக் கவிழ்த்து வைத்த மாதிரி மணிக்கட்டு மேலே புடைத்திருக்கிறது பார் என்றார். எங்கள் வீட்டில் முள்கரண்டி கிடையாது என்றேன். அவர் சிரிக்கவில்லை. மறுபடி உடைத்து நேராக்கலாம், இல்லையென்றால் இதோடு பழகிக்கொள்ளலாம், எக்சர்சைஸ் செய்தால் ஓரளவு வரும் என்றார். வீட்டு வாசலில் பூசணிக்காய் வாங்கி வைத்து இன்னொரு தடவை விழ எனக்குத் தெம்பில்லை. பழகிக்கொள்கிறேன் என்றேன்.

எதோடு பழகப்போகிறேன் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. கை கவிழ்ந்து கிடந்தால் சரியாக இருக்கிறது. புரட்டினால் பாதி தூரம் வந்து நின்றுவிடுகிறது. கட்டைவிரல் கூரையைப் பார்க்கிறது, உள்ளங்கை சுவரைப் பார்க்கிறது. அதற்கு மேல் பிடித்துத் திருப்பினால் உயிர் போகிறது. கை குலுக்க மட்டும் மிகத் தோதான நிலை. மண்ணூர்பேட்டையில் யாரிடம் போய்க் கை குலுக்குவது?

தமிழனுக்கு உள்ளங்கை எவ்வளவு தேவை என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. சோற்றைப் பிசைந்துவிடலாம், வாய்க்குக் கொண்டு வரும்போது முழங்கையைக் காக்காய் இறக்கை மாதிரி தூக்க வேண்டியிருந்தது. கண்டக்டர் கொடுக்கிற சில்லறை சுண்டுவிரல் பக்கமாக உருண்டு கீழே போகும், குனிந்து பொறுக்குவேன். எண்ணெய் வாங்கித் தலையில் வைக்க முடியாது. மாத்திரையைக் கையில் போட்டு வாயில் போட முடியாது. இடது கை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வெளியில் போய்ப் பாருங்கள், இடது கையை நீட்டினால் கடைக்காரர் பொருளை மேஜை மேல் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். பதினோரு வருஷச் சொற்பொழிவு ஒருத்தருக்கும் எட்டவில்லை.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். வலது கையை நீட்டி, இடது கையை அதன் கீழே கொடுத்து, முட்டுக்கட்டை மாதிரி தாங்கி, உடம்பைக் கொஞ்சம் சாய்த்துக் குனிந்தால் உள்ளங்கை ஏறக்குறைய மேலே வந்துவிடும். எதுவும் உருளாது. இந்த நிலையைக் கண்ணாடியில் நான் பார்த்ததில்லை, அதனால் அது எப்படித் தெரியும் என்று எனக்கு உறைக்கவில்லை.

கம்பெனியில் என்னை லைட் டூட்டியில் போட்டார்கள். ஸ்டோரில் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து, யாராவது பித்தளை டோக்கனைக் கொடுத்தால் அதை வாங்கி ஆணியில் மாட்டிவிட்டு, கேட்கிற டூலை எடுத்துக் கொடுக்க வேண்டும். மத்தவர்களுக்கு லைட் டூட்டி என்றால் சொர்க்கம். எனக்கு அந்த ஜன்னல் வழியாக வரும் மத்தியான வெயில்கூடத் தாங்கவில்லை. என் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் கம்பியில் மாட்டி மறைத்தேன். அதற்காவது உதவட்டும் என்று. என் பெஞ்சில் ஒரு தற்காலிக ஆளைப் போட்டிருந்தார்கள். முதல் வெள்ளிக்கிழமையே அவன் என் வைஸுக்குச் சந்தனப் பொட்டு வைத்துவிட்டான்.

பிறகு மேனேஜர் கூப்பிட்டார். மார்ச் முடிகிறவரைக்கும் பார்ப்போம், அதற்குள் பழையபடி ராவிக் காட்டினால் பெஞ்ச், இல்லையென்றால் ஸ்டோர் ஹெல்பராகவே இருந்துவிடு என்றார். கனிவாகத்தான் சொன்னார். ஆனால் எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு வேலை. சாமி இல்லை, சாதி இல்லை என்று ஊரெல்லாம் தைரியமாகப் பேசியதற்குப் பின்னால் இருந்தது அந்த வேலைதான், ராவினால் என் மாதிரி எவனும் ராவ முடியாது என்ற திமிர்தான். ஹெல்பராகிப்போனால் என் வாயை யார் பொறுத்துக்கொள்வார்கள்? நான் பயந்தேன். இதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை.

இதற்கிடையில் ஷாப்பில் என்னைப் பற்றி ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. ஆள் திருந்திவிட்டான் என்று. முதலில் எனக்குப் புரியவில்லை. அப்ரண்டிஸ் பையன் டோக்கன் நீட்டினாலும் நான் இரண்டு கையையும் ஏந்தி, தலையைக் குனிந்து வாங்குகிறேனாம். அடி பட்டதும் அகம்பாவம் போய்விட்டதாம். மேனேஜர் என் தோளில் தட்டி, பணிவுதான் மனுஷனுக்கு அழகு என்றார். இரண்டு வருஷமாக என்னோடு பேசாத வாட்ச்மேன் டீ வாங்கிக் கொடுத்தார். அந்த டீ கிளாஸையும் நான் இரண்டு கையால்தான் வாங்க வேண்டியிருந்தது, அவருக்குக் கண் கலங்கிவிட்டது. என் மனைவி ஒரு நாள் அம்மன் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். பூசாரி தீர்த்தம் கொடுத்தபோது நான் சாய்ந்து குனிந்து ஏந்தி நின்றதைப் பார்த்து, இந்த மாதிரி பக்தியைப் பார்த்து ரொம்ப நாளாயிற்று என்று எனக்கு ஓர் எலுமிச்சம்பழம் கூடக் கொடுத்தார். வீடு வரைக்கும் அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். நான் அந்தப் பழத்தை ஊறுகாய் போடச் சொன்னேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கிற ஓர் அம்மாவிடம் போனேன். அவர் என் கையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, வீட்டில் சுத்தியல் இருக்கிறதா என்று கேட்டார். ஃபிட்டரிடம் கேட்கிற கேள்வியா இது? பிடியின் அடியைப் பிடித்து, முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, சுத்தியலின் தலையை வெளிப்பக்கமாகச் சாயவிடு, அந்தக் கனம் கையைத் திருப்பும் என்றார். ஒரு நாளைக்கு மூன்று வேளை. பதினோரு வருஷமாகச் சுத்தியலால் இரும்பை அடித்தவனை இப்போது சுத்தியல் முறுக்கியது. வலியில் எனக்கு வாயில் வந்ததையெல்லாம் பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள், பிற்பாடு அவர்கள் குழந்தைகளும் அதைச் சொல்லித் திரிந்தன.

சுத்தியலைவிடக் கொடுமையான ஆயுதம் என் மனைவியிடம் இருந்தது. அவள் வேலப்பன்சாவடிப் பக்கத்து விவசாயக் குடும்பம். வார்த்தையைச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. சாப்பாட்டு முடிவில் உள்ளங்கையைக் குழித்து ரசம் வாங்கிக் குடிப்பது எனக்குச் சின்ன வயசுப் பழக்கம். அது இல்லாவிட்டால் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. கை உடைந்ததிலிருந்து டம்ளரில் குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் டம்ளரை எடுத்துத் தள்ளி வைத்தாள்.

"கைய நீட்டுங்க. எடது கைய குடுக்காம நீட்டுங்க. ரசம் நிக்கற வரைக்கும் நான் ஊத்திகினேதான் இருப்பேன்" என்றாள்.

முதல் நாள் ஒரு சொட்டு நிற்கவில்லை. அத்தனையும் சுண்டுவிரல் பக்கமாக இறங்கி, முழங்கை வழியாக லுங்கியில் விழுந்தது. அவள் அடுத்த கரண்டியை ஊற்றினாள். கோபத்தில் எழுந்து போனேன். மறுநாளும் ஊற்றினாள். என் முழங்கையைத் தேடி எறும்பு வர ஆரம்பித்தது. அதற்கு மேல் ஈரத் துணி பிழிகிற வேலையையும் எக்சர்சைஸ் என்று சொல்லி என் தலையில் கட்டினாள். அடிபம்பு பக்கத்தில் நின்று அவள் புடவையை நான் முறுக்கிப் பிழிவதைப் பார்க்கத் தெருப் பெண்கள் வேலையை விட்டு வந்தார்கள். டாக்டர் சொன்னாரா என்று ஒருத்தி கேட்டதற்கு, ஆமாம், நான்தான் அந்த டாக்டர் என்றாள் இவள்.

மூன்றாவது வாரம் உள்ளங்கைக் குழியில் ஒரு ஸ்பூன் அளவு நின்றது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு கொத்தமல்லி இலை மிதந்தது. குடிக்கக்கூட மறந்துவிட்டேன். பொங்கலுக்குள் கால் கரண்டி, மாசி மாசத்தில் அரைக் கரண்டி. மாசத்தை நான் காலண்டரில் பார்க்கவில்லை, கையில்தான் பார்த்தேன்.

ஆனால் ரசம் நிற்பது வேறு, அரம் நிற்பது வேறு. ஸ்டோரில் ஓரமாக ஒரு சின்ன வைஸ் இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் ஆள் இல்லாதபோது ஒரு துண்டு இரும்பை வைத்து ராவிப் பார்த்தேன். அரம் முன்னால் போய் முடிகிற இடத்தில் கோணல் மணிக்கட்டு அதைக் கீழே சாய்த்துவிட்டது. தட்டையாக வர வேண்டிய இரும்பு நடுவில் தூக்கி, தொப்பை போட்டது. முதல் வருஷ அப்ரண்டிஸ் ராவினால்தான் அப்படித் தொப்பை விழும். அப்படி ராவினவனை நான் எவ்வளவு ஏசியிருக்கிறேன். பிப்ரவரி முழுக்கத் தொப்பைதான். துண்டுகளைக் கழிவு டிரம்மின் அடியில் போட்டு மறைத்தேன்.

மார்ச் முதல் வாரம் ஸ்டோரில் எண்ணெய் டின் கவிழ்ந்து தரை வழவழத்தது. வழுக்கி விழுந்த அனுபவம் உள்ளவன் என்பதால் ஜாக்கிரதையாகப் பெட்டிப் பலகை ஒன்றைப் போட்டு அதன் மேல் நின்று ராவினேன். கனமான பலகை, ஒரு செங்கல் உயரம் இருக்கும். துண்டை எடுத்து மட்டம் பார்த்தேன். தொப்பை பாதியாகக் குறைந்திருந்தது. ஏன் என்று புரிய எனக்கு அரை மணி ஆயிற்று. ஆள் உயர்ந்ததும் முழங்கை உயர்ந்தது, முழங்கை உயர்ந்ததும் கோணல் மணிக்கட்டுக்கு அரம் நேராகிவிட்டது. கையைத்தான் நேராக்க முடியாது, என்னை உயர்த்திக்கொள்ளலாம் அல்லவா? அப்புறம் பலகை மேல் பலகை வைத்தேன், கால் வைக்கிற இடத்தை மாற்றினேன், அரத்தின் மரப் பிடியை ஒரு பக்கம் சீவினேன். டர்னர் நண்பன் சாப்பிடாமல் வந்து மட்டம் பார்த்துச் சொல்வான். ஆக்ஸா பிளேடு விஷயத்தில் அவனுக்கு மனசு உறுத்தல் இருந்திருக்க வேண்டும்.

மார்ச் கடைசியில் டெஸ்ட். ஃபோர்மேன்தான் பார்ப்பார். ஒரு தகட்டில் சதுர ஓட்டை, அதில் உட்காருகிற ஒரு சதுரக் கட்டை. கட்டையை நாலு பக்கமும் திருப்பித் திருப்பிப் போட்டாலும் இறுக்கமாக உட்கார வேண்டும். தூக்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் இடுக்கில் எங்கேயும் வெளிச்சம் தெரியக் கூடாது. காலையில் என் பழைய பெஞ்சுக்குப் பலகைகளைத் தூக்கிக்கொண்டு போனேன். மேடை போட்டுப் பேசப்போகிறாயா என்று ஃபோர்மேன் கேட்டார். நான் பலகைகளை அடுக்கினேன். வைஸில் இருந்த சந்தனப் பொட்டைக்கூடத் துடைக்கவில்லை. அதற்கெல்லாம் நேரமில்லை.

ஸ்டோர் அரத்தை வைத்துத்தான் ராவினேன். என் சொந்த அரம், பன்னிரண்டு அங்குலம், பதினோரு வருஷம் என் கைக்குப் பழகியது, நான் ஸ்டோருக்குப் போன அன்றே காணாமல் போயிருந்தது. தற்காலிக ஆள் எடுத்திருப்பான் என்று நினைத்து அவனை மனசுக்குள் திட்டாத நாள் இல்லை. மத்தியானம் மூன்று மணிக்குக் கட்டை ஓட்டையில் உட்கார்ந்தது. திருப்பினேன், உட்கார்ந்தது. இன்னொரு பக்கம், உட்கார்ந்தது. நாலாவது பக்கத்தில் தூக்கிப் பார்த்தபோது மூலையில் ஒரு நூல் வெளிச்சம் தெரிந்தது.

ஃபோர்மேன் வாங்கி ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"வெளிச்சமா? எங்க கீது? எனக்கு ஒண்ணும் தெரியலபா. கண்ணாடி வேற ஊட்ல உட்டுட்டு வந்துட்டேன்" என்றார்.

கண்ணாடி அவர் மூக்கின் மேல் இருந்தது.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நூல் தெரிகிறது, உங்களுக்கும் தெரிகிறது என்றேன். விடு, அடி பட்டதிலிருந்து நல்ல பையனாகிவிட்டாய், இரண்டு கையால் வாங்குகிறாய், அந்தப் பணிவுக்காக ஒரு நூல் விடலாம் என்றார். பெஞ்ச் என் கைக்கு வந்துவிட்டது, வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அது என்னால் எந்தக் காலத்திலும் முடிந்ததில்லை.

"அது பணிவு இல்ல சார், எலும்பு. கை திரும்பல, அதனால முட்டுக் குடுத்தேன். பணிவுன்னு ஒண்ணு என்கிட்ட சாமி சத்தியமா கிடையாது" என்றேன்.

சொன்ன பிறகுதான் எந்தச் சத்தியம் செய்தேன் என்று எனக்கே கேட்டது. டர்னர் லேத்தை நிறுத்திவிட்டான். ஃபோர்மேன் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார்.

"தெரியும்பா. ஒன் எலும்ப ஸ்டோர் ஜன்னல்ல தொங்க உட்டுகினு கீற. நாலு மாசமா நானும் பாத்துகினுதான் கீறேன். பதினோரு வர்சம் எடது கைய நீட்ன. நாலு மாசமாவது ரெண்டு கையால வாங்கட்டுமேன்னு கம்முனு இருந்தேன். எனக்கு அது போதும்" என்றார். பிறகு, "நூலு எனக்குத் தெரியாதா? இன்னும் அரை மணி கீது, ராவு" என்றார்.

சொல்லிவிட்டுத் தன் மேஜைக்குப் போய், பூட்டைத் திறந்து, ஒரு பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வந்தார். முருகன் படம் போட்ட காலண்டர் தாள். உள்ளே என் அரம். துரு பிடிக்காமல் எண்ணெய் தடவியிருந்தது. பிடியில் காய்ந்துபோன ஒரு சந்தனப் பொட்டு. வேறு எவன் கையும் படாமல் நாலு மாசம் பூட்டி வைத்திருக்கிறார். அரத்தை என்னிடம் நீட்டினார்.

அரம் வாங்குவதற்கு உள்ளங்கை மேலே பார்க்க வேண்டியதே இல்லை. பக்கவாட்டில் பிடித்தாலே ஆயிற்று, அது என் கைக்கு நன்றாக வருகிற நிலை. உருண்டு விழ அது சில்லறையும் இல்லை. எலும்பு எதையும் கேட்கவில்லை. இருந்தும் என் இடது கை தானாகப் போய் வலது கைக்குக் கீழே நின்றது. நான் குனிந்து வாங்கினேன். எனக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. இரும்புத் தூள் கண்ணில் விழுந்துவிட்டது என்று டர்னரிடம் சொன்னேன். நான் இன்னும் ராவவே ஆரம்பிக்கவில்லை என்பதை அவன் நல்லவேளையாகச் சொல்லவில்லை.

பலகை மேல் ஏறினேன். அந்த நூலை எடுக்க எட்டே எட்டு இழுப்பு, ஒவ்வொன்றுக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கட்டையைப் போட்டுத் தூக்கிக் காட்டினேன். ஃபோர்மேன் நாலு பக்கமும் திருப்பிப் போட்டுப் பார்த்தார். இருட்டாக இருந்தது. நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு டீக்குப் போனார். எனக்கும் அவருக்கும் அதற்கப்புறம் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. அவருக்கு அந்த இடது கையும் பழைய முட்டுக்கட்டையாகத்தான் தெரிந்திருக்கும். இல்லையென்று நான் போய்ச் சொல்லவும் இல்லை.

கை முழுசாகத் திரும்பவில்லை, இன்றைக்கும் திரும்பாது. ஒரு கரண்டி ரசம் வாங்கினால் வாய்க்குக் கொண்டு போகிறவரை நிற்கும், அதற்குள் குடித்துவிட வேண்டும். நிதானமாக ருசிக்க நினைத்தால் முழங்கைக்குப் போய்விடும். இத்தனை ஊற்றியும் இவ்வளவுதானா என்று என் மனைவி இன்னமும் குறைப்பட்டுக்கொள்கிறாள்.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. என் வைஸுக்குப் பொட்டு வைக்க வந்தார், குறுக்கே நின்றேன், போய்விட்டார். பொரி கொடுத்தார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, சாமி இல்லை என்பதற்கான காரணங்களை முதலிலிருந்து ஆரம்பித்தேன். பாதியில் அவர் பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். நடுரோட்டுக்குப் போகாமல், கேட்டைத் தாண்டி மதில் ஓரமாக, சாக்கடைப் பக்கம் போய் உடைத்தார். சிதறின துண்டுகளைக் காலால் தள்ளி ஒதுக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஓரமாத்தான் ஒடச்சிகீறேன். பேசிகினே போ" என்றார்.

நான் சைக்கிளில் ஏறவில்லை. கேட்டைத் தாண்டுகிறவரை தள்ளிக்கொண்டுதான் போனேன்.